ஈயக் குண்டுக்கு எதற்கு மேல்பூச்சு?

‘ஈயம் பூசுறது... பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது!’

ஒரு காலத்தில் முண்டியம்பாக்கம் போன்ற ஊர்களின் தெருக்களில் இந்தக் குரல் கேட்டால் போதும், பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். வெறும் பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். உள்ளே வெள்ளீயம் பூசிவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆனால், பூச்சு தேயும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் மறந்து வைத்தால் உருகும். திரும்பப் பூச வேண்டும். பூச்சு என்றாலே வரவும் உண்டு, செலவும் உண்டு.

ரைஃபிள் குண்டுக்கும் இதே கதைதான். பாத்திரம் மட்டும் தலைகீழ். இங்கே உள்ளே இருப்பது காரீயம், வெளியே இருப்பது பூச்சு.

துப்பாக்கி சுடுதல் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும் விளையாட்டு. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் பங்கேற்றார். அவரைப் பார்த்து முண்டியம்பாக்கத்தில் ஒரு பிள்ளை ‘நானும் ரைஃபிள் கத்துக்கிறேன்’ என்று கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்கும் ஒரு கேள்வி வந்து சேரும். பூச்சு உள்ள குண்டு நல்லதா, இல்லாதது நல்லதா?

குழலுக்குள் என்ன நடக்கிறது?

ரைஃபிள் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்காது. திருகாணி மரை போலச் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். பம்பரம் சுற்றும்வரை சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தடுமாறாமல் நேராகப் போகும்.

இதற்கு ஈயம் வசதியான உலோகம். கனமானது, மிருதுவானது, எளிதில் வார்க்கலாம். ஆனால், அந்த மிருதுத்தன்மையே தொல்லையும் தருகிறது. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வேகம் கூடக் கூட, உராய்வும் சூடான வாயுவும் சேர்ந்து ஈயத்தைக் குழலின் பள்ளங்களில் அப்பிவிடுகின்றன. படிவு ஏற ஏற குறி தவறும். அதைத் தடுக்கத்தான் பூச்சு.

டம்டம் சொல்லும் இரண்டு கதைகள்

குண்டின் மேல்பூச்சு இந்திய வரலாற்றையே ஒருமுறை புரட்டிப்போட்டிருக்கிறது. கொல்கத்தாவுக்கு அருகே உள்ள டம்டம்மில், 1857 ஜனவரியில் ஒரு செய்தி பரவியது. புதிய என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்பதே அது. அந்தக் கொழுப்பு குண்டு வழுக்கிச் செல்லவும், கருமருந்துக் கசடு இறுகாமல் இருக்கவும் தடவப்பட்டது. ஆனால், சிப்பாய்கள் அந்தத் தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். இந்துவுக்கும் ஆகாது, இஸ்லாமியருக்கும் ஆகாது. மெழுகும் எண்ணெயும் நீங்களே தடவிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. உள்ளே வேறு பல குமுறல்களும் இருந்தன. மே 10-ம் தேதி மீரட்டில் நெருப்பு பற்றிக்கொண்டது.

அடுத்த கதையும் அதே டம்டம்மில்தான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லாத வெடிமருந்து வந்தது. வேகம் எகிறியது. கொழுப்பும் மெழுகும் அந்த வேகத்துக்குத் தாங்காது என்பதால், ஈயத்தின் மேல் தாமிரக் கலவை உலோகத்தால் முழு உறையே போட்டார்கள். குழல் சுத்தமாக இருந்தது. ஆனால், உறை போட்ட குண்டு உடலைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, எதிரி விழுவதில்லை என்று பிரிட்டிஷ் படையினர் குறைபட்டார்கள். உடனே டம்டம் ஆயுதச் சாலையில் குண்டின் நுனியில் மட்டும் உறையை நீக்கினார்கள். உடலுக்குள் போனதும் ஈயம் விரிந்து படுகாயம் உண்டாக்கியது. உலகம் அதிர்ந்தது. 1899-ல் ஹேக் மாநாடு, இப்படி விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது.

நூலளவு கனமுள்ள ஓர் உறை எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கறுப்புப் பூச்சு: லாபம் என்ன?

தாமிர உறை வந்த பிறகும் பிரச்னை முழுதாகத் தீரவில்லை. இப்போது ஈயத்துக்குப் பதில் தாமிரம் குழலில் படிந்தது. 1990-களில் மேலைநாட்டுப் போட்டி வீரர்களிடையே இதற்கு ஒரு வழி பிரபலமானது. தாமிர உறைக்கும் மேலே மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கறுப்புப் பொடியைப் பூசுவது. டிராக்டர், லாரி மெக்கானிக்குகள் கையாளும் சில கறுப்பு கிரீஸ்களில் இருப்பதும் இதுதான். பின்னாளில் போரான் நைட்ரைடு என்ற வெள்ளைப் பொடியும் வந்தது.

இதில் முதல் லாபம், உராய்வு குறைகிறது. தாமிரப் படிவும் குறைவதால், குழலைத் துடைக்காமலே அதிக ரவுண்டுகள் சுடலாம். நீண்ட போட்டிகளில் இது பெரிய வசதி. குழலின் ஆயுள் கூடும் என்றும் சொல்வார்கள். ஆனால், அதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நஷ்டம் என்ன?

புதிய தோசைக்கல்லில் முதல் தோசை வருமா? வராது. கல் பழக வேண்டும். பூச்சுக் குண்டுக்கும் அப்படித்தான். சுத்தமாகத் துடைத்த குழலில் முதல் சில ரவுண்டுகள் ஒரே இடத்தில் விழாது. குழலின் உள்ளே பூச்சு சீராகப் படிந்த பிறகே குறி நிலைக்கும். பூசியதையும் பூசாததையும் மாற்றி மாற்றிச் சுட்டால், குழல் எதற்கும் பழகாது.

உராய்வு குறைந்தால் வேகம் கூடும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. குண்டு சுலபமாக நகர்வதால் பின்னால் அழுத்தம் குறைகிறது. அதே மருந்துக்கு வேகமும் சற்றுக் குறைகிறது.

மூன்றாவது, ஈரம். பூச்சுப் படிவுக்கு அடியில் ஈரம் தங்கினால் துரு பிடிக்கும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் இருக்கும் துணியே பூசணம் பூக்கிறது. இரும்புக் குழல் என்ன பாடுபடும்?

நம் பிள்ளைக்கு எது?

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. பிள்ளை தொடங்கப்போவது பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அதற்கு 4.5 மில்லிமீட்டர் பெல்லட். அடுத்த படி 50 மீட்டர், பாயின்ட் 22 ரைஃபிள். இரண்டுக்குமே ஈயம் அல்லது அதுபோன்ற மிருதுவான பொருளால் ஆன குண்டுதான் என்பது சர்வதேச விதி. ஆகவே தாமிர உறை, கறுப்புப் பூச்சு பற்றிய சண்டை எல்லாம் 300 மீட்டர் போன்ற பெரிய துப்பாக்கிப் போட்டிகளுக்கு உரியது. அதற்காக ஆரம்பத்திலேயே காசைக் கரைக்க வேண்டாம்.

பாயின்ட் 22 போட்டித் தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். அந்த வேகத்துக்கு ஈயத்தின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கம்பெனிக்குக் கம்பெனி மெழுகு மாறும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், குழல் பழகச் சில ரவுண்டுகள் ஆகும். 50 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். போட்டிக்கு முதல் நாள் தோட்டாவை மாற்றுவது, பரீட்சைக்கு முதல் நாள் பேனாவை மாற்றுவது மாதிரி. சித்திரை வெயிலில் காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவைப்பதும் கூடாது. மெழுகு இளகிவிடும்.

வீட்டிலேயே பூசிப் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் குற்றம். உயிருக்கும் ஆபத்து.

எந்தப் பூச்சும் காக்காத ஒன்று

பூச்சு குழலைக் காக்கிறது. சுடும் பிள்ளையை?

தாமிர உறை ஈயப் புகையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால், தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்திலும் பொதுவாக ஈயச் சேர்மம் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத ரேஞ்சில் அந்தத் தூசு மூச்சில் கலக்கும், விரலில் ஒட்டும், உடையில் ஏறி வீட்டுக்கும் வரும். உடலில் ஈயம் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் மூளைக்குத்தான் பாதிப்பு அதிகம்.

இதற்கான பாதுகாப்பு விலை உயர்ந்ததல்ல. பெல்லட்டை ஒருபோதும் வாயில் கவ்வக் கூடாது. ரேஞ்சுக்குள் முறுக்கு, பிஸ்கட், தண்ணீர் எதுவும் வேண்டாம். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். அந்த உடையை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். தம்பி, தங்கையைத் தூக்கிக் கொஞ்சுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். தொடர்ந்து பயிற்சி செய்யும் பிள்ளைக்கு ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

ஈயம் பூசியவர் பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது, ‘நல்லா கழுவிட்டு அடுப்புல வைங்கம்மா’ என்று சொல்லிவிட்டுப் போவார். ரேஞ்சிலிருந்து வரும் பிள்ளையிடமும் வாசலிலேயே அதைத்தான் சொல்ல வேண்டும். முதலில் கையைக் கழுவு, அப்புறம் எத்தனை புள்ளி என்று சொல்!