ஆசிரியர் அறையில் எழுந்த சிரிப்பு

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய எமது மாணவன் ஒருவன், பெறுபேறு வெளிவருமுன்னரே, சலூன் ஒன்றில் தொழில் பழகப் போவதாக வகுப்பறையிலே கூறினான். அன்றைய இடைவேளைக்குள் அச்செய்தி ஆசிரியர் அறையை எட்டிச் சிரிப்பாக வெடித்தது. அவன் மந்த புத்தியுள்ளவனல்லன்; சோம்பேறியுமல்லன். நாவிதர் குலத்தவனும் அல்லன். சிரிப்புக்குக் காரணம் இந்த மூன்றாவது செய்திதான். “படிக்காட்டில் சிரைக்கத்தான் போகவேணும் எண்டு சொன்னதை இவன் உண்மையெண்டு நம்பிப்போட்டான்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். ஆம், மேடைகளில் சமத்துவம் பேசும் நாமும் சேர்ந்துதான் சிரித்தோம்.

சிரிக்காதவர் ஒருவர் அவ்வறையில் இருந்தார். கணிதம் கற்பிக்கும் அவர், தலை நிமிராமல் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய தந்தையார் வீடு வீடாகச் சென்று செய்த தொழில் எதுவென்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் அறிவர். அறிந்தும் சிரித்தோம் என்பதைவிட, அவர் அங்கிருப்பதே நினைவில் இல்லாமற் சிரித்தோம் என்பதே சரி. எது பெரிய குற்றமென்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

“சிரைக்கத்தான் போகவேணும்” என்னும் வாக்கியம் எமது பாடசாலைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. தமிழ் கற்பிக்கும் நாம் அவ்வாக்கியத்தின் இலக்கணத்தைச் சற்று ஆராயலாம். படித்தவனுக்குத் தொழில் உண்டு, படியாதவனுக்குச் சிரைப்பு உண்டு என்பது அதன் பொருள். அதாவது சவரம் செய்வதற்கு அறிவு வேண்டாம், கைத்திறன் வேண்டாம், கற்க வேண்டியது யாதொன்றுமில்லை. அது ஒரு தண்டனை. வகுப்பில் இருக்கும் நாற்பது பிள்ளைகளில் ஒருவனுக்கு அது தன் வீட்டைப் பற்றிய தீர்ப்பு என்பதை இதைச் சொல்லும் ஆசிரியர் எண்ணுவதில்லை. அந்தப் பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொள்கிறான். நாம் அவனுக்குக் கற்பிக்கும் முதற் பாடமும் அதுவே.

எமது மொழியிலே இத்தொழிலாளர்க்கு வழங்கும் பெயர்கள் பல. தமிழ்நாட்டில் மருத்துவர், பரியாரி என்ற பெயர்களும் உண்டு. கத்தி பிடித்த கை கட்டி கீறவும் அறிந்திருந்தது. இவர்கள் இல்லத்துப் பெண்கள் மருத்துவச்சியராய் ஊரின் பிள்ளைகளையெல்லாம் இவ்வுலகுக்கு எடுத்துத் தந்தனர். யாழ்ப்பாணத்தில் வழங்கிய பெயர் குடிமகன் என்பது. குடியியற் பாடத்தில் “குடிமகனின் உரிமைகள்” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து “குடிமகனை வரச்சொல்லு” என்று ஏவல் சொன்ன ஆசிரியத் தலைமுறையொன்று இந்த மண்ணில் வாழ்ந்தது. ஒரே சொல் உரிமையுடையவனையும் உரிமையற்றவனையும் குறித்து நின்ற விந்தையை அவர்களிற் பெரும்பாலோர் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்று சிகையலங்கரிப்பாளர் என்கிறோம். நல்ல பெயர்தான், வேண்டிய மாற்றமுங்கூட. ஆயினும் பெயரை மாற்றிய வாய் ஆசிரியர் அறைக்குள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்பதை மேலே கண்டோம்.

நிலப்பிரபுத்துவ யாழ்ப்பாணத்தில் இத்தொழிலை “ஆரம்பித்தல்” என்றொன்று இருக்கவில்லை. பிறந்ததே ஆரம்பம். இன்னின்ன வீடுகள் இன்னாருக்கு என்று வகுக்கப்பட்டிருந்தது. கூலி அறுவடையின்போது நெல்லாக அளக்கப்படும். அளப்பவர் கை அன்று எவ்வளவு தாராளமோ அவ்வளவே கூலி. கலியாணத்துக்கு மாப்பிள்ளைச் சவரம், செத்தவீட்டுக் கடமை என்று அழைப்பு வந்தால் போயாக வேண்டும். எம் பாட்டனார் வீட்டு மாமரத்தடியில் இவ்வழக்கின் எச்சத்தை, நாம் சிறுவராயிருந்த தொண்ணூறுகளிலும் கண்டிருக்கிறோம். அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் தகரப் பெட்டியோடு வந்து குந்துவார். அவரைப் பெயர் சொல்லி, “நீ” என்று அழைக்க எட்டு வயதான எமக்கு உரிமை இருந்தது. அப்படி அழைக்கவே பழக்கப்பட்டிருந்தோம். தேநீர் குடிக்க அவருக்கென்று ஒரு பேணி கோடிப்புறத்து வேலியில் தொங்கியது. பாட்டனாரின் கழுத்திலே கூரிய கத்தியை வைக்கும் கைக்கு, அவர் வீட்டுக் குவளையைத் தொடுவதற்கு அனுமதி இல்லை. அதிலுள்ள வேடிக்கையை எமக்கு எவரும் எடுத்துக் காட்டவில்லை.

இந்நிலையில்தான் சலூன் வந்தது. சலூனை நாகரிகத்தின் ஓர் அலங்காரமாகக் காண்பவர் அதன் வரலாற்றுப் பொருளைத் தவற விடுகிறார். நெல்லுக்குப் பதில் காசு. வீட்டு முற்றத்துக்குப் பதில் வாடகைக் கடை. அழைப்புக்குப் பதில் வரிசை. வேலாயினும் வேலி கட்டுபவராயினும் முன் வந்தவர் முன் அமர வேண்டும். மாமரத்தடியில் குந்தியிருந்தவன் இங்கே நிமிர்ந்து நிற்கிறான், நாற்காலியில் இருக்கும் ஊர்ப்பெரியவரை நோக்கி, “கொஞ்சம் தலையைக் குனியுங்கோ” என்கிறான், அவரும் குனிகிறார். சிறிய காரியம்தான். எனினும் அந்தக் கிராமத்தில் அதற்குமுன் அவர் எவர் சொல்லியும் குனிந்ததில்லை. மேசையிலே பத்திரிகை கிடந்தது. எழுத்தறியாதவனுக்கு எழுத்தறிந்தவன் உரக்கப் படித்தான். எத்தனையோ வாசகசாலைகள் செய்யத் தவறியதைச் சலூனின் வாங்கு செய்தது.

ஆனால் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட ஐந்து சாதிகளுள் ஒன்றைச் சேர்ந்த அத்தொழிலாளியே, அவ்வைந்தினுள் அடங்கும் நளவர்க்கும் பள்ளர்க்கும் தன் கடைக் கதவை அடைத்தான். அவர்களுக்கு முடி வெட்டினால் “பெரிய இடத்து” வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்ற அச்சம் அவனை ஆட்டியது. ஒடுக்கப்பட்டவனையே ஒடுக்குமுறையின் வாசற்காவலனாக்கும் தந்திரத்தில் எமது சமுதாயம் எப்போதும் வல்லது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், தேநீர்க்கடையோடும் கிணற்றோடும் சலூனையும் பெயர் சொல்லிக் குறிப்பிட நேர்ந்ததற்கு இதுவே காரணம். சட்டம் ஏட்டிலிருந்து வீதிக்கு இறங்க, 1966 ஒக்டோபரில் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலமும் அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் வேண்டியிருந்தன.

யாழ்ப்பாணத்துச் சலூனைப் பற்றி எழுதும் எவரும் டொமினிக் ஜீவாவைக் கடந்து செல்ல முடியாது. கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் கத்தரி பிடித்தவர். 1966 ஆகஸ்டில் மல்லிகையைத் தொடங்கி, நானூறுக்கு மேற்பட்ட இதழ்களை வெளிக்கொணர்ந்தவர். அவருடைய தண்ணீரும் கண்ணீரும் சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது இரங்கற் கூட்டங்களில் நாமும் பேசினோம். “சலூனில் இருந்தும் இலக்கியம் படைத்தார்” என்று ஒருவர் பின் ஒருவராகப் புகழ்ந்தோம். அந்த “இருந்தும்” என்னும் உம்மையிலேதான் எமது சாதி ஒளிந்திருக்கிறது. கந்தோரில் இருந்தும் எழுதினார் என்று எந்த எழுதுவினைஞரையும் நாம் புகழ்வதில்லை. ஜீவா சிறுவனாயிருந்தபோது பள்ளியை விட்டு நீங்கியது ஏன் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார்: ஆசிரியர் ஒருவர் அவருடைய குலத்தொழிலைச் சுட்டிச் சொன்ன இழிசொல்லே காரணம். எமது ஆசிரியர் அறையிற் கேட்ட வாக்கியத்துக்கும் அதற்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. வாக்கியம் மட்டும் அதே நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

இங்கே நண்பர்கள் சிலர் இடைமறித்து, “தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை, சிரைப்பதும் சிறந்த தொழிலே” என்பார்கள். இந்த உபதேசத்தைக் கேட்டவுடன் நாம் கேட்க வேண்டியது, இது யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதே. 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில் இருக்க வேண்டும். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். உழைப்பின் மேன்மையைப் பற்றிய அழகிய சொற்கள் அதற்கும் துணைக்கு வந்தன. வக்கீலின் மகன் பிற்பகலில் வீட்டிலிருந்து வக்கீல் தொழில் பழகுவான், நாவிதரின் மகன் கத்தி தீட்டுவான்! மக்கள் அதனைக் குலக்கல்வி என்று சரியாகவே பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராஜர் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. சவரத் தொழிலாளியின் மகனிடம் “உன் தொழில் உயர்ந்தது, அதிலேயே இரு” என்று கூறுபவர், “சிரைக்கத்தான் போகவேணும்” என்று கூறுபவரின் உடன்பிறப்பே. ஒருவர் அவனை ஏசி அடைக்கிறார். மற்றவர் புகழ்ந்து அடைக்கிறார்.

கணித ஆசிரியர் இதை எம்மைவிடச் சுருக்கமாகச் சொன்னார். சில நாட்களின் பின்னர், வெட்கத்தோடு அவரருகே சென்று அமர்ந்தோம். மன்னிப்புக் கேட்கும் சொற்களை அவர் இடையிலேயே நிறுத்திவிட்டார். “அந்தப் பெடியன் விரும்பிப் போறான், மாஸ்ரர். அது நல்லதுதான். எங்கட ஐயாவிட்ட ஒருத்தரும் விருப்பமோ எண்டு கேக்கேல்லை” என்றார். பிறகு கொப்பியைத் திறந்து கொண்டார்.

ஆகவே அம்மாணவனின் விருப்பத்தை ஒரு விருப்பமாகவே எடுத்து ஆராய்வோம். அவன் எதனுள் பிரவேசிக்கிறான்? முதற் சில மாதங்கள் கத்தரியைத் தொடமாட்டான். மயிரைக் கூட்டி அள்ளுவான், துவாய் அலசுவான், கண்ணாடி துடைப்பான், தேநீர் வாங்கி வருவான். பெரும்பாலும் இதற்குச் சம்பளம் இல்லை. கைச்செலவுக்குக் கொடுப்பதே வழக்கம். பிறகு சீப்பும் கத்தரியும் ஒத்து நடக்கும் தாளத்தைக் கை பழக வேண்டும். ஒவ்வொரு தலையிலும் சுழி வேறு, மயிரின் போக்கு வேறு. காதின் பின்புறத்து மடிப்பில் கத்தி செல்லும் கோணத்தை எந்தப் புத்தகமும் கற்பிக்காது. இயந்திரம் இருக்கிறதே என்பவர்க்கு ஒன்று சொல்வோம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, எமதூர்ச் சலூனில் இயந்திரம் மட்டும் அறிந்த இளைஞர்கள் கைகட்டி நிற்க, கத்தரி அறிந்த முதியவர் ஒருவரே வேலை செய்து கடையைக் காத்தார்.

பழகிய பின்னரும் நாற்காலி அவனுடையதல்ல. வெட்டும் தலைக்கு இவ்வளவு என்று உரிமையாளரோடு வருமானத்தைப் பங்கிட வேண்டும். காலை முதல் இரவு வரை நிற்பதால் காலில் நாளங்கள் புடைக்கும். ஒரே அலகை இருவருக்குப் பயன்படுத்தினால் ஈரல் அழற்சி முதலிய நோய்கள் குருதி வழியே பரவும் என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். புதிய அலகுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கச் சொல்லும் முதலாளியை எதிர்த்து நிற்கவும் வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஒருவர் வேலை செய்யும் கடையிலும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். நாம் விசாரித்த சலூன்களில் அப்படியொன்று இருப்பதே தொழிலாளர்க்குத் தெரியவில்லை. 2020இல் கொரோனாவால் கடைகள் பூட்டப்பட்டபோது அவர்களுக்குக் கைகொடுக்க யாதொரு சேமிப்பும் இருக்கவில்லை. அரச தொழிற்பயிற்சி நிலையங்கள் சிகையலங்காரத்தைக் கற்பித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்குகின்றன. அதற்கான விண்ணப்பப் படிவத்தை எந்த ஆசிரியர் தம் மாணவனுக்கு எடுத்துக் கொடுத்தார்? பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப இரவிரவாகக் கண் விழிக்கும் நாம், இதனை ஒருமுறையேனும் பார்த்ததில்லை. சிரிப்பதற்கு மட்டும் நேரம் இருந்தது.

அம்மாணவனின் தந்தையாரை அவர் வீட்டிற் சென்று கண்டோம். மரியாதையான மனிதர், இருத்தித் தேநீர் தந்தார். “சேர், தொழில் எண்டு பார்த்தால் எனக்கு ஒண்டுமில்லை. நாளைக்கு அவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?” என்று கேட்டார். அவருடைய மூத்த மகன் பாரிஸிலே உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறான். அவனுடைய படம் சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது, அவனுக்கு மூன்று இடத்தில் சம்பந்தம் பேசி வருகிறார்கள். லா சப்பல் வீதியில் தமிழர் சலூன்கள் உண்டே, இளையவனும் அங்கே போய் முடி வெட்டினால் என்ன என்று கேட்டோம். “அது வேற” என்றார் உடனே. எப்படி வேறு என்பதை அவரும் விளக்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. கத்தரிக்கும் கடவுச்சீட்டு வேண்டும்போலும்.

எமது பாடசாலை இடாப்பிலே பெற்றோர் தொழில் என்றொரு நிரல் இருக்கிறது. இவ்வாண்டு அதனைப் புரட்டிப் பார்த்தோம். எமக்குத் தெரிந்தவரை சவரத் தொழிலாளரின் பிள்ளைகள் மூவர் எம்மிடம் பயில்கின்றனர். இருவருக்கு “வியாபாரம்” என்றும், ஒருவருக்குச் “சுயதொழில்” என்றும் எழுதப்பட்டிருந்தது. எழுதியது எமது கையெழுத்து. அப்பிள்ளைகள் தயங்கித் தயங்கிச் சொன்னதை, மேலும் ஒன்றும் கேளாமல், நல்லெண்ணத்தோடு எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

அம்மாணவன் இப்போது நகரத்துச் சலூனொன்றில் ஆறாவது மாதமாக இருக்கிறான். பெறுபேற்றில் கணிதத்துக்கு நல்ல சித்தி. கணித ஆசிரியர் அங்கேதான் முடி வெட்டுகிறார் என்று அறிந்து, சென்ற ஞாயிற்றுக்கிழமை நாமும் போனோம். எமக்கு முன் நால்வர் இருந்தனர். பையன் துவாயை உதறிக்கொண்டே எம்மைப் பார்த்துச் சிரித்து, “இருங்கோ சேர், உங்கட முறை வரும்” என்றான். வாங்கிலே இருந்தோம்.