கறுப்பா, வெள்ளையா? கோட் எழுதும் திரைக்கு எது நிறம்?

பொட்டி தட்டுகிறவர்களுக்குள் சில சண்டைகள் ஓயவே ஓயாது. டேபா ஸ்பேஸா, விம்மா ஈமேக்ஸா என்ற வரிசையில் இன்னொன்று: திரை கறுப்பாக இருக்க வேண்டுமா, வெள்ளையாகவா? வெள்ளைத் திரையில் கோட் எழுதுபவரைப் பார்த்து "கண்ணு கூசலையா பாஸ்?" என்று நக்கலடிக்கும் கூட்டம் எல்லா லேபிலும் உண்டு.

கறுப்புதான் 'நிஜ' புரோகிராமருக்கு அழகு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பழைய டெர்மினல்களிலிருந்துதான். 1978-ல் வந்த விடி100 போன்ற திரைகளில் கறுப்புப் பின்னணியில் எழுத்து மட்டும் ஒளிர்ந்தது. அது கண் நலம் பார்த்து எடுத்த முடிவல்ல. அந்தக் காலத்துப் படக்குழாய்க்கு அதுதான் எளிது. 1973-ல் ஜெராக்ஸ் ஆல்ட்டோவும், 1984-ல் மெக்கின்டாஷும் காகிதம் போல வெள்ளைமேல் கறுப்பைக் கொண்டுவந்தன. டர்போ சி-யின் நீலத் திரையில் மஞ்சள் எழுத்துகளோடு படித்துத் தேறியவர்கள் நம்மூர்க் கல்லூரிகளில் ஏராளம். நிறத்துக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை!

சரி, கண் என்ன சொல்கிறது? வெளிச்சமான பின்னணியைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குகிறது. எழுத்து கூர்மையாகத் தெரிகிறது. கறுப்புப் பின்னணியில் கண்மணி விரிவதால் எழுத்தின் ஓரம் கொஞ்சம் மங்கும். 2013-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், இளையவர், முதியவர் இருவருமே வெள்ளைமேல் கறுப்பு எழுத்தில்தான் பிழைகளை நன்றாகக் கண்டுபிடித்தார்கள். அதற்காகக் கறுப்பை ஒதுக்கிவிட முடியாது. கண்புரை போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்கு வெள்ளைத் திரையின் கூச்சம் பெரிய தொல்லை, கறுப்புதான் சுகம்.

"கறுப்பு வைத்தால் பேட்டரி மிச்சம்" என்பதும் பாதி உண்மைதான். ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி எரிவதே இல்லை, அதனால் மிச்சம். எல்சிடி திரையிலோ என்ன நிறம் வைத்தாலும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

உண்மையான பிரச்சினை வேறு. ஆஸ்டிக்மாட்டிசம் உள்ள பலருக்குக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து கசிவது போலத் தெரியும். எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று அதையே வைத்துக்கொண்டு, அரைப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறும் மாணவர், "எனக்குக் கோடிங் வராது" என்று முடிவுகட்டிவிடும் அபாயம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது தீம் மாற்றமும், ஒரு கண் பரிசோதனையும்!

ஆகவே ஃபேஷனை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். பகலில், வெளிச்சமான இடத்தில் வெள்ளை. இரவில், விளக்கு குறைந்த அறையில் கறுப்பு. புரொஜெக்டரில் காட்டும்போது கண்டிப்பாக வெள்ளை. கடைசி பெஞ்சுக்காரர்கள் வாழ்த்துவார்கள். எதை வைத்தாலும் கமென்ட் வரிகள் பளிச்சென்று தெரிகின்றனவா என்று பாருங்கள். பல தீம்களில் அவை மங்கிய சாம்பல் நிறத்தில் ஒளிந்துகிடக்கும். அடுத்தவருக்குப் புரியவேண்டும் என்று எழுதிய வரியையே கண்ணுக்குத் தெரியாமல் செய்வது என்ன நியாயம்?

லேபில் பொதுக் கணினியில் உட்காருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுந்து போகும்போது அமைப்பைப் பழையபடி மாற்றிவிட்டுப் போங்கள். அடுத்து வருபவரின் கண் உங்கள் கண் அல்ல.