கடன் வாங்கிய கோணல்

கோடையில் கண்மாய்கள் வற்றியதும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கிரிக்கெட் களங்கள் தாமாகவே முளைத்துவிடுகின்றன. மேலூர்ப் பக்கமாயினும் திருமங்கலம் பக்கமாயினும், டென்னிஸ் பந்துடன் ஓடிவரும் சிறுவர்களைச் சற்றே நின்று கவனித்தால் ஒன்று புலப்படும். ஒருவன் பும்ராவைப் போல் இடக்கையை விறைப்பாக நீட்டுகிறான். இன்னொருவன் மலிங்காவைப் போல் தோள் மட்டத்தில் கையைப் பக்கவாட்டில் சுழற்றுகிறான். மூன்றாமவன் அஸ்வினைப் போல் நடுவிரலால் பந்தைச் சொடுக்குகிறான். புகழ்பெற்றவர்களின் வழக்கத்துக்கு மாறான முறைகளைக் கற்றுக்குட்டிகள் பின்பற்றலாமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. பின்பற்றலாகாது என்பதே நம் துணிபு. ஆனால் அதற்கு நாம் கூறும் காரணம், பயிற்சியாளர்கள் வழக்கமாகக் கூறும் காரணம் அன்று.

கண்டியில் பிறந்த மலையகத் தமிழர் முத்தையா முரளிதரனை முதலில் எடுத்துக்கொள்வோம். அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீளாதது. மணிக்கட்டோ அளவிறந்த நெகிழ்ச்சி கொண்டது. 1995 டிசம்பரில் மெல்பர்ன் டெஸ்டில் நடுவர் டாரெல் ஹேர் அவரது பந்துகளை ஏழு முறை நோபால் என அறிவித்தார். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், வளைந்த கை வேகமாகச் சுழலும்போது அது எறிவதுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது என்று காட்டின. 2010இல் காலியில் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு அவர் விடைபெற்றார். அந்த வீச்சு அவர் தேர்ந்தெடுத்த அலங்காரமன்று; அவருக்கு வாய்த்த உடல் கண்டடைந்த வழி.

பி. எஸ். சந்திரசேகரின் கதையும் இத்தகையதே. இளமையில் போலியோவால் மெலிந்த வலக்கையையே அவர் ஆயுதமாக்கினார். 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு அவரே காரணமானார். அந்தச் சுழலை விரும்பும் எவரும் அந்தக் கையை விரும்பிப் பெற இயலாது.

கோல்ஃப் ஆட்டத்திலும் இதற்கு இணையுண்டு. குழியருகே பந்தை மெல்லத் தட்டிச் சேர்க்கும் தருணத்தில் ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் லாங்கரின் கை தன்வசமின்றித் துடித்தது. அதை அடக்க அவர் கைகளை மேல்கீழாக மாற்றிப் பிடித்தார். வலக்கையால் இடது முன்கையையே பற்றியும் பார்த்தார். நீண்ட மட்டையையும் ஏந்தினார். 1985, 1993 ஆகிய ஆண்டுகளில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற அவரைப் பார்த்து, துடிப்பில்லாத கைகொண்ட ஒருவர் அப்பிடியைப் பழகுவது, நோயின்றி மருந்துண்பதற்கு ஒப்பாகும்.

கிரிக்கெட்டில் கடன் வாங்குபவனுக்கு வேறோர் இடரும் உண்டு. 2005 முதல், பந்து வீசுகையில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்பது சர்வதேச விதி. 15 பாகையைக் கண்ணால் அளக்க இயலாது, ஆய்வுக்கூடம் வேண்டும். முரளிதரனுக்கு அது கிடைத்தது. மாவட்டத் தேர்வுக்கு வந்து நிற்கும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு நடுவரின் பார்வை ஒன்றே நீதிமன்றம். 'மாங்கா போடுறான்' என்ற ஒரு சொல்லோடு அவன் கதை முடிந்துவிடலாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்த நடராஜன், 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான பருவத்திலேயே அவரது வீச்சின் மீது புகார் எழுந்தது. அதைத் திருத்தி மீண்ட பிறகே, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அவர் இந்தியாவுக்காக ஆடினார். மீளும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை.

மேலும், புதுமை என்பது விரைவில் தேய்வது. 2008இல் இந்தியாவுக்கு எதிரான மூன்று டெஸ்டுகளில் 26 விக்கெட்டுகளை அள்ளிய அஜந்தா மெண்டிஸ், தம் டெஸ்ட் வாழ்வை 70 விக்கெட்டுகளோடு முடித்தார். மட்டையாளர்கள் அவர் விரல்களைப் படித்துவிட்டார்கள். மூலத்துக்கே இந்நிலை எனில் நகலின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு மறுதலையாக வருண் சக்கரவர்த்தியைச் சுட்டலாம். கட்டடக் கலை பயின்ற இவர், 2018இல் மதுரை பாந்தர்ஸ் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை வென்றபோது அவ்வணியில் தம் விநோதச் சுழலால் பேர்பெற்றார். 2021 உலகக்கோப்பையில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் ஒரு விக்கெட்டும் கிட்டவில்லை. விநோதத்தை மட்டும் நம்பியிராமல், பந்துக்குத் தாம் கொடுக்கும் சுழலின் திசையையே மாற்றிப் பழகினார். 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட்டுகள் வீழ்த்தினார். பின்பற்றத் தக்கது இந்த உழைப்பே, விரல்களின் அமைப்பன்று.

'இன்றைய மரபு நேற்றைய மீறல்தானே?' என்று வினவலாம். உண்மைதான். மேசைமீது டென்னிஸ் பந்தை உருட்டி விளையாடிய போசன்கெட், 1900 அளவில் கண்டடைந்த கூக்ளி இன்று பயிற்சி நூல்களில் பாடமாக இருக்கிறது. ஆயினும் பாடமானது பந்தின் தத்துவம், போசன்கெட்டின் தோளன்று. தத்துவத்தை எவரும் கற்கலாம். அதைத் தன் உடலுக்கேற்ப மொழிபெயர்த்துக்கொள்வது அவரவர் கடமை.

இதனால் பயிற்சியாளர்கள் பக்கம் நாம் சாய்ந்துவிடவில்லை. ஒரு சிறுவனிடம் இயல்பாக அமைந்த கோணலைக் கண்டதும் அதைப் பாடநூல்படி நிமிர்த்த முனைவது, பிறர் கோணலைக் கடன் வாங்குவதைக் காட்டிலும் பெரிய கேடு. விதியை மீறுகிறதா, உடலை முறிக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுதல் நன்று.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. மௌனியின் வாக்கியத் திருகல்களை எடுத்துக்கொண்டவர்களுக்கு மௌனியின் மனம் கைகூடவில்லை. திருகல் மட்டும் எஞ்சியது. நம் வகுப்பறைகளில் எழுதத் தொடங்கும் மாணவர்களிடமும் இதையே காண்கிறோம். அவர்களுக்கும் அந்தச் சிறுவர்களுக்கும் நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான். உன் கோணல் உன்னுடையதாயின் அதை எவருக்காகவும் விட்டுக்கொடாதே. பிறருடையதாயின் இன்றே திருப்பிக் கொடுத்துவிடு.