பங்குக் கிணறா, பூட்டிய கிணறா?

வலிகாமத்துத் தோட்டக் காணி உறுதிகளைப் படித்தவர்கள் அறிவார்கள்: நிலத்தின் பரப்பையும் நாலெல்லையையும் கூறியபின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தனியே எழுதப்பட்டிருக்கும். அவ்வரி விடுபட்டால் நிலம் கைமாறும், நீர் கைமாறாது. பங்குக் கிணற்றில் ஒருவர் தம் முறைக்கு இறைக்கலாம். மற்றவரின் முறையைத் தடுக்க முடியாது. கிணற்றுக்குப் பூட்டிட்டுத் திறப்பை மடியிற் கட்டிக்கொள்ள எந்தப் பங்காளிக்கும் உரிமையில்லை. இந்த ஒரு வரிக்காக நம் நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளுக்குக் கணக்கில்லை.

அதே நீதியை இன்று கணினிக்கும் கேட்கவேண்டிய காலம் வந்திருக்கின்றது. மருதனார்மடத்தைச் சூழ்ந்த ஊர்களிலே பாடசாலைக்குக் கணினி, கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணினி, தோட்டத்துக்குத் தானாக நீர் பாய்ச்சும் கருவி என்று நாளுக்கொரு பேச்சு எழுகின்றது. என்ன விலை என்று எல்லோரும் கேட்கின்றனர். திறப்பு யார் கையில் என்று கேட்போர் மிகச் சிலர். நம் கருத்து இதுவே: பொதுப்பணத்தாலோ ஊர்ப்பணத்தாலோ வாங்கப்படும் கணினி நமக்குப் பங்குள்ள கிணறாக இருத்தல் வேண்டும், பிறர் பூட்டிவைத்து வாடகைக்கு விடும் கிணறாக இருத்தலாகாது.

கையளவுப் பலகை

இதற்கு வழியுண்டா என்று கேட்பவர்களுக்கு நாம் காட்டுவது கையளவேயான ஒரு மின்பலகை. 1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே ஏக்கோர்ன் என்னும் கொம்பனியார் ஏ.ஆர்.எம். என்ற சிற்றுருக் கணினி மூளையை ஆக்கினர். குறைந்த மின்சாரத்தில் இயங்குவதே அதன் சிறப்பு. இன்று நம் கமக்காரரின் சட்டைப்பையிற் கிடக்கும் கைத்தொலைபேசியும் பெரும்பாலும் அக்குலத்தைச் சேர்ந்ததே. அதே நகரில் இயங்கும் ராஸ்பெரி பை நிறுவனத்தார் 2012 பெப்ரவரி 29ஆம் நாள், இவ்வகை மூளை கொண்ட ஒரு சிறு பலகையை 35 டொலருக்கு விற்பனைக்கு விட்டனர். பிள்ளைகள் கணினியின் உள்ளியல்பைக் கற்கவேண்டுமென்பதே அவர்கள் நோக்கம். தொலைக்காட்சிப் பெட்டியும் விசைப்பலகையும் இணைத்துவிட்டால் அது முழுக் கணினி. வெயிலையும் நீரையும் அளக்கும் கருவிகளை இணைத்துவிட்டால் அது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

இப்பலகையை இயக்குவது லினக்ஸ் என்னும் கருவைக் கொண்ட திறந்த மூல இயங்குதளம். பின்லாந்து மாணவர் ஒருவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது அக்கரு. 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் தொகுப்பைத் தன்னார்வலர்கள் உலகெங்குமிருந்து பேணிவருகின்றனர். ராஸ்பெரி பை பலகைக்குரிய இயங்குதளமும் அதனை அடியாகக் கொண்டதே. விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது இதன் சிறிய நன்மை. பெரிய நன்மை வேறு. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதி செய்து அயலவருக்குக் கொடுக்கலாம்.

இதுவும் ஓர் உறுதியே

இலவசமாகக் கொடுப்பதை நாளைக்கு நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று நம்மவர் ஐயுறுவது இயல்பு. சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் அதற்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். லினக்ஸ் கருவானது யாரோ ஒருவரின் தயவிலே தங்கியிருப்பதன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் 1989இல் வெளியிட்ட பொது உரிமம் என்னும் பத்திரத்தின் இரண்டாம் பதிப்பே அதனைக் காக்கின்றது. அப்பத்திரத்தின் சாரம் இது: இதனை நீ பெற்றுக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் நீ பிறருக்குக் கொடுக்கும்போது, நீ பெற்ற அதே உரிமைகளோடு மூலநிரலையும் கொடுத்தல் வேண்டும். பங்குக் கிணற்றின் நீதி இதனின் வேறன்று.

இப்பத்திரம் வெறுங் கடதாசியுமன்று. 2004 மே மாதத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம், மூலநிரலைக் கொடாது வலையமைப்புக் கருவிகளை விற்ற ஒரு கொம்பனிக்கு எதிராக இவ்வுரிமத்தை நிலைநாட்டியது. 2008இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, இத்தகைய திறந்த உரிமங்களின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமையை மீறுவதாகலாமென்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கின்றது. உரிமமின்றிப் பிரதி செய்த விலைமிகு மென்பொருள்களை அலுவலகங்களில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கும் அதையே பழக்குவோர், அச்சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. களவாக இறைக்கும் நீரைவிடப் பங்காக இறைக்கும் நீர் மேலானதன்றோ?

பூட்டிய கிணற்றின் இடர் எத்தகையது என்பதை அமெரிக்கக் கமக்காரரிடம் கேட்டறியலாம். உழவு இயந்திரம் வயலின் நடுவே நின்றுவிட்டால், அதன் மென்பொருளைத் திறக்கும் கருவி தம்மிடமில்லாமையால் விற்பனை முகவர் வரும்வரை காத்திருக்க வேண்டியுள்ளதென்று அவர்கள் ஆண்டுகள் பலவாக முறையிட்டு வந்தனர். 2023இல் கொலராடோ மாநிலம் பண்ணை இயந்திரங்களைத் திருத்தும் உரிமைக்கென்றே ஒரு சட்டமியற்றியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, ஜோன் டியர் இயந்திரங்களைச் செய்யும் கொம்பனிக்கு எதிராக இதே பொருளில் வழக்குத் தொடுத்தது. நம் ஊரில் துலா முறிந்தாற் தச்சர் திருத்தினார். நீரிறைக்கும் இயந்திரம் பழுதானாற் சந்திக் கடைக்காரர் கழற்றிப் பார்த்தார். அடுத்து வரும் கருவியைக் கழற்றிப் பார்க்கும் உரிமையை ஏன் நாம் விட்டுக்கொடுத்தல் வேண்டும்?

மருதனார்மடத்தில் என்ன செய்யலாம்?

முதலாவது நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கி, உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கிலே, 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார். அவ்வழக்கு நமக்குக் கற்பித்த பாடம், நீரைப்பற்றிய அளவுகள் முன்கூட்டியே ஊரார் கையில் இருத்தல் வேண்டுமென்பது. சிறு பலகை எண்ணெயைக் கண்டுபிடிக்காது. நைத்திரேற்றுக்கும் ஆய்வுகூடந்தான் வேண்டும். ஆயின் கிணற்றின் நீர்மட்டத்தையும், உவர்த்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறனையும் மணிக்கு மணி பதிந்துவைக்க அது போதும். ஊருக்குப் பத்துக் கிணறுகளில் ஐந்தாண்டுப் பதிவு இருந்தால், கமநல சேவை நிலையத்திற் பேசும்போதும் நீதிமன்றத்திற் பேசும்போதும் நம் வாய்ச்சொல்லுக்கு வலிமை வேறு.

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டமும், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல்வாங்கற் சட்டமும் கணினிப் பதிவுகள் சான்றாவதற்கு வாயிலைத் திறந்துள்ளன. கருவி ஒழுங்காக இயங்கியதா என்பதே அங்கு எழும் முதற் கேள்வி. உள்ளே நடப்பது யாதென எவருக்கும் காட்டப்படாத கருவியைவிட, நிபுணர் எவரும் நிரலைப் படித்துப் பார்க்கத்தக்க கருவியைக் காத்துப் பேசுவது வழக்கறிஞருக்கு எளிது.

இரண்டாவது சந்தை. விளைபொருளின் நிறையிற் பத்திலொரு பங்கைக் கழிவென்று கழிப்பதுபற்றி யாழ்ப்பாணச் சந்தைகளில் நெடுநாளைய முறைப்பாடு உண்டு. தராசு பிறர் கையில் இருந்தால் வெங்காயம் விளைவித்தவருக்கு என்ன நேரும் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்றன்றைய விலையையும் நிறையையும் மருதனார்மடச் சந்தையில் எல்லோரும் காண ஒரு திரையிலே தமிழிற் காட்டுவதற்கு இத்தகைய பலகை ஒன்று போதும். அதன் கணக்கை எவரும் சோதிக்கலாம்.

மூன்றாவது பாடசாலை. 1913இல் இராமநாதன் கல்லூரி எழுந்த இந்த ஊருக்குக் கல்வியின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கேரள அரசின் பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி ஆண்டுகள் பல ஆகின்றன. அங்கு பிள்ளைகள் கணினிப் பரீட்சையையும் அதிலேயே எழுதுகின்றனர். டெபியனை நிறுவத் தொடங்கும்போதே தமிழைத் தெரிந்தெடுக்கலாம். ஒரு சொல் பிழையாக இருந்தால், அதைத் திருத்தி அனுப்ப உடுவிலிலுள்ள ஆசிரியர் ஒருவருக்கு எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த மண்ணில், கணினியைத் தமிழில் ஆளமுடியாதென்று கூறுவது அழகன்று.

நம்மவரால் முடியுமா என்ற கேள்விக்கும் விடை முன்னரே கிடைத்துவிட்டது. 2004 ஆழிப்பேரலையின்பின் இலங்கைத் தன்னார்வலர் ஆக்கிய சகானா என்னும் நிவாரண மென்பொருள் திறந்த மூலமாகவே பிறந்து, பிற நாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2005இல் தொடங்கி நம் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனத்தின் தளமும் கட்டற்ற மென்பொருளின்மீதே நிற்கின்றது.

ஆட்சேபனைகள்

மின்சாரம் தடைப்பட்டால் இவை பழுதாகும் என்பர். உண்மையே. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் அற்றால் நினைவட்டை கெடலாம். பழைய பலகைகளில் மின்கல மணிக்கூடு இல்லாமையால் நேரமும் பிழைக்கும். நேரம் பிழைத்த பதிவு சாட்சிக்குதவாது. ஆனால் இரண்டுக்கும் பரிகாரம் மலிவானது: சிறு மின்கல மணிக்கூடு ஒன்று, பன்னிரண்டு வோற்று மின்கலம் ஒன்று, அதற்கேற்ற மின்னழுத்த மாற்றி ஒன்று. பலகை கேட்பது ஐந்து வாற்று அளவான மின்சாரமே. 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின் வெட்டப்பட்டபோது பெருங் கணினிகள் மூடிக்கிடந்ததை நினைவு கூர்க. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்களுக்கு ஐந்து வாற்றுத் தேடுவது பெரிய காரியமா?

திறந்த மென்பொருள் என்ற பெயரால் எதையும் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. ஆகாது. ஏ.ஆர்.எம். என்ற பெயர் ஒன்றாயினும் பலகைகள் பலவிதம். எந்த உறுப்பு எங்கே உள்ளதென்று இயங்குதளத்திற்கு உரைக்கும் குறிப்பேடொன்று ஒவ்வொரு பலகைக்கும் வேண்டும். உறுதியின் அட்டவணையில் நாலெல்லை எழுதுவது போன்றதே அது. மலிவுப் பலகைகள் சிலவற்றைச் செய்வோர், அதனை லினக்ஸின் பொது மூலத்திற் சேர்ப்பியாது, தம் பழைய பதிப்பொன்றோடு விட்டுவிடுகின்றனர். அத்தகைய பலகைக்கு இரண்டாண்டிற் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோகும். பொது மூலத்தில் இடம்பெற்ற பலகையா என்று கேட்டபின்னரே பணத்தை எடுங்கள். மேலும், ராஸ்பெரி பை பலகையின் தொடக்க நிரல் இன்னும் மூடப்பட்டதே; ஏ.ஆர்.எம். வடிவமைப்பும் கட்டணத்திற்குக் கொடுக்கப்படுவதே. இவற்றை மறைத்து வாதாடுவது நம் முறையன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆக்கப்பட்ட சக்தி என்னும் திறந்த வடிவமைப்பு மூளைகள் அப்பூட்டையும் ஒருநாட் திறக்கும் என்று நம்பலாம். முழுக் கிணறும் கிடைக்கும்வரை பெரும்பங்கையும் வேண்டாமென்பது விவேகமாகாது.

வேண்டுவன

நமது வேண்டுகோள்கள் நான்கு. வலிகாமம் தெற்குப் பிரதேச சபை கணினியும் கருவியும் வாங்கக் கேள்வி கோரும்போது, மூலநிரலும் திருத்தும் உரிமையும் ஊரார்க்கு உண்டென்ற நிபந்தனையை எழுதுக. பிறநாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் கணினி அன்பளிப்புச் செய்யும்போது, அதன் இயங்குதளம் எத்தனை ஆண்டுக்குப் பேணப்படும் என்று கேட்டறிக. விண்டோஸ் 10இற்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14இல் நின்றதும், நல்ல நிலையிலிருந்த எத்தனையோ கணினிகள் பழம்பொருளாக்கப்பட்டன. அவற்றுக்கும் லினக்ஸ் உயிர் கொடுக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் தத்தம் பகுதியில் இளைஞர் இருவரையேனும் இவ்வேலையிற் பயிற்றுக. பொறியியலும் சட்டமும் கற்றோர் மாதத்தில் ஒரு மாலையை அவர்களுக்கு ஈக.

இவற்றுள் எதற்கும் கொழும்பின் அனுமதி தேவையில்லை. புதுச் சட்டமும் தேவையில்லை. வாங்குமுன் ஒரு நிபந்தனை எழுதும் உறுதி மட்டுமே தேவை. நீரில்லாக் காணியை விலைப்படாதென்று ஒதுக்கும் நம் கமக்காரர், திறப்பில்லாக் கணினியையும் அவ்வாறே ஒதுக்கத் துணிவாராயின், விற்போர் தாமாகவே வழிக்கு வருவர். உறுதியிற் கையொப்பமிடுமுன் கிணற்றிற் பங்கு எழுதப்பட்டிருக்கின்றதா என்று பார்ப்பது நம் பழக்கம். அப்பழக்கத்தைக் கணினி வாங்கும்போதும் கைவிடாதிருப்போமாக!