துண்டுக்குக் கூலி யார் தருவது?

வாழையிலையைத் துடைப்பம் வாரிவிடும். கல்லிடுக்கில் சிக்கிய சிகரெட் துண்டைத் துப்புரவுத் தொழிலாளி குனிந்து விரலால்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அடுத்த மழையில் அது சாக்கடைக்குப் போகும். சாக்கடையிலிருந்து கூவத்துக்கும் கடலுக்கும் போகும். தோழர்களே, டீக்கடை வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் நாள்தோறும் நடக்கிற இந்தக் குனிவுக்குக் கூலி யார் தருவது?

இன்று தருபவர் வீட்டுவரி கட்டுகிறவர். வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத தாய்மார்களும் அதில் அடக்கம். துண்டைச் செய்து விற்று இலாபம் அடிக்கிற கம்பெனி, இந்தச் செலவில் தனக்குப் பங்குண்டு என்றே எண்ணுவதில்லை.

அந்தத் துண்டில் இருப்பதை நாம் பஞ்சு என்கிறோம். அது பஞ்சல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக் இழை. பீடித் துண்டு இலையும் நூலும், மக்கிப் போகும். (பீடி நல்லதென்று நாம் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம், நுரையீரலுக்கு இரண்டும் பகைதான்.) பில்டரோ ஆண்டுக்கணக்கில் கிடந்து, உறிஞ்சி வைத்த நிக்கோடினைத் தண்ணீரில் கக்கும். உலகில் ஆண்டுதோறும் இப்படி வீசப்படுபவை 4.5 லட்சம் கோடித் துண்டுகள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மத்திய அரசு என்ன செய்தது? 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றைத் தடை செய்தது. பிளாஸ்டிக் ஐஸ் குச்சிக்குத் தடை, காது குடையும் குச்சிக்குத் தடை, சிகரெட் பெட்டிமேல் சுற்றும் மெல்லிய தாளுக்கும் தடை! பெட்டியின் சட்டையைக் கழற்றியவர்கள், உள்ளேயிருக்கும் பில்டரைத் தொடவில்லை. சட்டைக்கு ஒரு நீதி, பில்டருக்கு ஒரு நீதியா?

போடுகிறவனுக்கு அபராதம் போடு என்போர் உண்டு. பஸ் நிறுத்தம் உட்படப் பொது இடங்களில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் இருக்கிறது. பலனை டீக்கடை வாசலில் போய்ப் பாருங்கள்! அபராதத்தில் அகப்படுகிறவன் வேலை முடிந்து வருகிற கூலியாள்; கார் ஜன்னல் வழியாக எறிகிறவன் அகப்படுவதில்லை. துண்டைத் திருப்பிக் கொடுத்தால் காசு தரலாம் என்கிற யோசனையும் உண்டு. பெட்டிக்கடையில் ஒன்றிரண்டாக வாங்குகிற நாட்டில், கரிந்த துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யார் திரும்பி வருவார்? இவையெல்லாம் தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. நம் தோழர்களிலும் புகைப்போர் பலர். அணைத்துத் தொட்டியில் போடுவது அவர்கள் கடமைதான். அந்தத் தொட்டிக்கு யார் பணம் என்பதே நம் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு விடை சொல்லிவிட்டது. 2019-ல் செய்த சட்டப்படி, 2023 ஜனவரி 5-க்குள் உறுப்பு நாடுகள் துண்டு அள்ளும் செலவையும் தொட்டி வைக்கும் செலவையும் புகையிலைக் கம்பெனிகள் தலையில் ஏற்ற வேண்டும். ஜெர்மனியில் பில்டர் சிகரெட்டுக்குக் கிலோவுக்கு 8.972 யூரோ தீர்வை; பணம் தனி நிதியில் சேர்ந்து, தெருக் கூட்டும் ஊராட்சிகளுக்குப் போகிறது.

கம்பெனி விலையை ஏற்றிவிடும் என்பார்கள். ஏற்றட்டுமே! புகைக்காத வீட்டுக்காரர் கட்டுவதைவிட அது நேர்மை. விலை ஏறினால் சிலர் பழக்கத்தையே விடுவார்கள், அதுவும் இலாபம். சிகரெட்டுக்கு ஏற்கெனவே வரி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது பொதுக் கருவூலத்தில் கலந்துவிடுகிற வரி.

நாம் கேட்பது, சிகரெட் ஒன்றுக்கு இவ்வளவென்று ஆலை வாயிலிலேயே வசூலித்து நகராட்சிக்கென்றே ஒதுக்கும் தீர்வை. அந்தப் பணம் முதலில் துப்புரவுத் தொழிலாளியின் கூலிக்கும் கையுறைக்கும் போக வேண்டும். காண்டிராக்டர் பைக்குப் போகக் கூடாது.

சான் பிரான்சிஸ்கோ நகரம் குப்பையின் செலவைக் கணக்கிட்ட பிறகே 2009-ல் பெட்டிக்கு 20 சென்ட் கட்டணம் விதித்தது. நகராட்சி மன்றங்களில் இருக்கும் நம் தோழர்களும் கணக்கிலிருந்தே தொடங்கட்டும். தம் வார்டில் நாளொன்றுக்கு எத்தனை கிலோ துண்டு சேர்கிறது, அதற்கு எத்தனை பேர் எத்தனை மணிநேரம் குனிகிறார்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவரட்டும்.