தேக்கலும் போக்கலும்

புதுக்கோட்டை மாவட்டம் பெரிதும் மழையை எதிர்நோக்கி வாழ்வது. ஆதலின் முன்னோர் ஊர்தோறும் குளமும் கண்மாயும் அமைத்து நீரைத் தேக்கினர். நீரின் அருமை அறிந்த இம்மண்ணில், தோட்டத்து மழைநீரை வடித்தல் தகாது என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்துவதன்று.

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் முதலிய ஊர்கள் பலாவிற்குப் பெயர் பெற்றவை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல், அவ்வூர்ப் பக்கங்களில் பலாவையும் மாவையும் தென்னையையும் பல்லாயிரக்கணக்கில் சாய்த்தது. புயலைத் தடுத்தல் எவர்க்கும் இயலாது. தேங்கும் நீரால் மரம் மடிவதைத் தடுத்தலோ மனிதர் கையில் உள்ளது.

வேரும் மூச்சு விடுகின்றது. மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றே அதற்குத் துணை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவ்விடைவெளிகளை நீர் அடைத்து நிற்பின், உயிர்வளி கிட்டாமல் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சமாட்டாது. இலைகள் வாடித் தொங்கும். நீரின் நடுவே நின்றும் மரம் விடாயால் வருந்தும். இதனை அறியாதார், வாட்டங்கண்டு மேலும் நீர் ஊற்றுவர். நோயையே மருந்தென ஊட்டுதல் போன்றது அது. பப்பாளி ஓரிரு நாள் தேக்கத்தையும் தாங்காது. பலாவும் நெடுந்தேக்கம் பொறாது.

காக்கும் வழி அரிதன்று. தாழ்ந்த நிலமாயின் மண்ணை மேடாக்கி, அடிமரம் புதையாவண்ணம் கன்றை நடுதல் வேண்டும். மழைக்காலத்திற்கு முன்னரே மரவரிசைகளின் இடையே வாய்க்கால் வெட்டி, நீரைத் தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்குச் செலுத்துதல் வேண்டும். ஆங்கு ஒரு குட்டை தோண்டினால் வடிந்த நீர் வீணாகாது. நிலத்துள் இறங்கிக் கிணற்றிற்கு ஊற்றாகும். அந்நீரை அயலார் நிலத்தில் தள்ளிவிடுதல் மட்டும் அறமன்று.

முன்னோர் அமைத்த கண்மாயை உற்று நோக்குக. நீரைத் தேக்கக் கரை எழுப்பியவர்களே, மிகுந்த நீரைப் போக்கக் கலிங்கும் கட்டினர். கலிங்கு இல்லையேல் கரை உடையும். தேக்கிய நீர் முழுதும் ஓடிவிடும். கண்மாய்க்குக் கலிங்கு எத்தகையதோ, தோட்டத்திற்கு வடிகாலும் அத்தகையதே. ஆகவே, வடிகால் வெட்டுவோன் முன்னோர் நெறியினின்று வழுவியவன் அல்லன். அந்நெறியை முழுதும் உணர்ந்தவன் ஆவான்.

பலாக்கன்று காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் செல்லும். அத்துணை ஆண்டு உழைப்பையும் ஒரு மழைக்காலத்து அயர்வு அழித்துவிடும். அடைமழைக்கு முன் மண்வெட்டி எடுப்பவனே அம்மரத்தின் கனியை உண்பான்.