கோயில் புத்தகத்தைக் கறையான் தின்னலாமா?

வித்துராவில் குடியேறிய புதிதில் பொன்முடியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்கள் எனக்குப் புதிராக இருந்தன. போனக்காடு என்றால் ஏதோ காடு என்றே நினைத்தேன். அது ‘பான் அக்கார்ட்’. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து முத்திரை வாசகம். மெர்ச்சிஸ்டன் என்பது எடின்பரோவின் ஒரு பகுதி. துரைமார் தங்கள் ஊர்ப் பெயரை மலையிலேயே எழுதிவிட்டுப் போனார்கள். அங்கே கொழுந்து பறித்த தமிழரின் பெயர் எங்கே இருக்கிறது?

கிறிஸ்தவர்களாயின், கோயில் புத்தகத்தில். ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் என்று கோயிலில் எழுதிவைக்கும் பதிவேடுகளைத்தான் சொல்கிறேன்.

என் மனைவியின் பாட்டியார் ஞானஸ்நானம் பெற்ற ஆண்டைத் தேடி அண்மையில் ஒரு கிராமக் கோயிலுக்குப் போனேன். பீரோவைத் திறந்தால் பாதிப் புத்தகத்தைக் கறையான் தின்றிருந்தது. மீதிப் பக்கங்கள் தமிழில் இருந்தன. கூட வந்த பேத்தி, “தாத்தா, இதை எனக்கு வாசிக்கத் தெரியாதே” என்றாள். அவள் படித்தது மலையாளம். கறையானைவிட அந்தச் சொல்தான் என்னை அதிகம் சுட்டது.

நமது கோயில்களின் வரலாறு சிறியதன்று. மயிலாடி மகாராசன் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமானார். அவர் அழைத்ததால் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர் 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1959-இல் தென்திருவிதாங்கூர்த் திருமண்டலமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாயிற்று. ஒரே குடும்பத்தின் கதை இன்று எல்லையின் இரு பக்கமும் கிடக்கிறது.

ஸ்காட்லாந்தில் சர் ஜான் சின்க்ளேர் என்பவர் ஒவ்வொரு கிராமக் கோயிலின் போதகருக்கும் 160-க்கும் மேற்பட்ட கேள்விகளை அனுப்பினார். மக்கள்தொகை, பயிர், கூலி, பள்ளிக்கூடம் எல்லாம் அதில் அடக்கம். பதில்கள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தன. 1855-இல் அரசுப் பதிவு தொடங்கியபோது பழைய கோயில் பதிவேடுகளைச் சேகரித்து எடின்பரோவில் பத்திரப்படுத்தினார்கள். இன்று கடல்கடந்து வாழும் பேரப்பிள்ளையும் தன் பாட்டனைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

நான் இரயில்வேயில் பாலங்களோடு வாழ்ந்தவன். எத்தனை சிறிய பாலமானாலும் அதற்கென்று பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. ஆண்டுதோறும் நேரில் பார்த்து எழுதியாக வேண்டும். ஓடைப் பாலத்துக்குக் கொடுக்கும் மரியாதையை நம் முன்னோருக்குக் கொடுக்கக் கூடாதா?

புதுக் கோபுரம் கட்ட நன்கொடை திரட்டுகிறோம், நல்லதுதான். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து வையுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பெயர்களைப் படிக்கட்டும்; பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். நமது சங்கம் இதற்கு முன்நின்றால் முதல் ஆளாக நான் வருகிறேன். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவே.